மூடிகளை வைத்து ஒரு கசினோ

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவுகளில் சூதாட்டம் நடக்கிறது என்று ஒரு கதை சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் பரவியது. கதையைக் கொண்டுபோனவர் எங்களுக்கு மேல்வீட்டில் புதிதாகக் குடிவந்த அக்காதான். அவரில் பிழை சொல்ல முடியாது. ஊரை விட்டு வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. கீழே பேஸ்மென்ரில் ஐந்தாறு ஆண்கள் "பனை! பனை!" என்று கத்தினால் யாருக்குத்தான் பயம் வராது? ஒருநாள் வந்து கதவைத் தட்டினார். மேசையில் ஆறு படம் கீறிய துணி, உருட்டும் கட்டைகள், சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகக் குவித்த வில்லைகள்.

"தம்பியவை, பிள்ளையள் இருக்கிற வீடு இது. இஞ்சை வந்தும் சூதாடுறியளோ?"

"அக்கா, இதிலை இருந்து பாருங்கோ. ஒரு சதமும் இல்லை. இதெல்லாம் போத்தல் மூடி" என்றோம்.

அவர் இருந்து பார்த்தார். பிறகு நடந்த கதையையும் கேட்டார். "இதை எங்களைப்போல வந்த சனத்துக்கு எழுதினால் என்ன?" என்று சொன்னவரும் அவர்தான். நாங்கள் எழுதிப் பழகியவர்கள் அல்ல. ஓ.எல். சோதனையோடு படிப்பு நின்றது. அதன்பிறகு 2009 வரை பங்கருக்கும் ரோட்டுக்குமாக ஓடினோம். இப்போது ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் மூடி வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் மெசினடியில் நிற்கிறோம். பிழை இருந்தால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வந்தபோது நாங்கள் ஐந்து பேர் இதே பேஸ்மென்ரில் இருந்தோம். வாடகை, சமையல், இரவு வேலை எல்லாம் ஒன்றாக. எங்களில் மூத்தவரை அண்ணை என்போம். மனைவியும் மகளும் வவுனியாவில். அவர்களைக் கூப்பிடுவதற்காகச் சதம் சதமாகச் சேர்த்தார். ரிம் ஹோட்டன்ஸில் ஒரு கோப்பி வாங்கிக் குடிக்கக்கூட யோசிக்கிற மனிசன்.

ஒரு வெள்ளிக்கிழமை சம்பளம் எடுத்த கையோடு, வேலைத்தலத்தில் ஒருவர் அவரை நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு கசினோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருபது டொலர் போட்டார்; முந்நூற்று நாற்பது டொலரோடு வந்தார். அன்றிரவு எங்கள் எல்லாருக்கும் கொத்துரொட்டி வாங்கித் தந்தார். நாங்களும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டோம். அதை இன்றைக்கு நினைத்தாலும் எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எட்டு மாதம் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை மேலதிக வேலை என்று சொல்லிப் போவார், நம்பினோம். கடைசியில் வவுனியாவில் இருந்து அண்ணி எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். "தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ, இவருக்கு வேலை போட்டுதோ? வைத்தியச் சோதனை முடிஞ்சு எவ்வளவு நாள். ரிக்கற் எப்ப போடுவியள் எண்டு கேட்டால் அடுத்த மாதம், அடுத்த மாதம் எண்டுறார்."

அன்றிரவு அண்ணையிடம் கேட்டோம். உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு எல்லாம் சொன்னார். சேமிப்பு மூவாயிரம் போய்விட்டது. பத்தாயிரம் டொலர்ச் சீட்டை ஆயிரத்து நானூறு கழிவு விட்டு எடுத்த காசும் போய்விட்டது. சீட்டுக்காசு மாதம் மாதம் இன்னும் கட்ட வேண்டும். எங்களில் ஒருவர் அவருடன் இரண்டு கிழமை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு எல்லோருமாக முறை போட்டுக் கடனை அடைத்தோம். அண்ணியும் மகளும் பதினான்கு மாதம் பிந்தித்தான் வந்து சேர்ந்தார்கள். மகளுக்கு முதற்பல் விழுந்த காலம் அது. அதைப் பார்க்கத் தனக்குக் கிடைக்கவில்லை என்று அண்ணை இப்போதும் சொல்லுவார்.

சூது கெட்டது என்று எங்களுக்கு ஒருவரும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வள்ளுவர் அதற்கென்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். தருமர் நாட்டையும் தம்பிமாரையும் வைத்துத் தோற்ற கதையைக் கூத்தில் விடிய விடியப் பார்த்தவர்கள் நாங்கள். அண்ணையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான். புத்திமதி தெரியாமல் அவர் போகவில்லை. "அங்கை ஒருத்தரும் என்னை ஏமாத்தேல்லை. நான் சரியாத்தான் விளையாடினன். எப்பிடிப் போச்சுது எண்டுதான் விளங்கேல்லை" என்பார். அந்தக் கேள்விக்கு எங்களிடமும் மறுமொழி இல்லை.

அப்போதுதான் எங்களில் ஒருவர், "அப்ப நாங்களே ஒண்டு செய்து பாப்பம்" என்றார். ஊர்த் திருவிழாக்களில் கூட்டத்துக்கு வெளியே சாக்கை விரித்து, ஆறு படம் போட்ட கட்டைகளை உருட்டுகிறவர்களை எங்களுக்குத் தெரியும். அதையே எடுத்தோம். தொழிற்சாலையில் எறிந்த மரத்துண்டில் மூன்று கட்டை அறுத்தோம். பனை, சேவல், மீன், மாம்பழம், வண்டில், நிலா என்று ஆறு பக்கத்திலும் கீறினோம். காசுக்குப் பதிலாக, சுப்பர்வைசரிடம் கேட்டு ஒரு பை கழிவு மூடி வாங்கினோம். வெள்ளை ஒன்று, நீலம் ஐந்து, சிவப்பு இருபத்தைந்து.

விளையாட்டு இலகு. பனையில் ஒரு மூடி வைக்கிறீர்கள். மூன்று கட்டையும் உருளும். ஒரு பனை வந்தால் உங்கள் மூடியோடு இன்னும் ஒன்று. இரண்டு பனை வந்தால் இரண்டு, மூன்று வந்தால் மூன்று. வராவிட்டால் உங்கள் மூடி கட்டைக்காரருக்கு. "மூண்டு கட்டை, ஆறு படம். அப்ப பாதிக்குப் பாதி" என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அண்ணையும் அப்படியேதான் சொன்னார். கேட்டால் நீங்களும் அதைத்தான் சொல்லுவீர்கள்.

கொப்பி எடுத்து எண்ணினோம். மூன்று கட்டையும் விழக்கூடிய விதம் ஆறு தர ஆறு தர ஆறு, 216. ஒரு கட்டையில் பனை வராத பக்கம் ஐந்து. ஆகவே மூன்றிலும் பனை வராத விதம் ஐந்து தர ஐந்து தர ஐந்து, 125. மிச்சம் 91இல்தான் பனை வரும். பாதி என்றால் 108 அல்லவா வரவேண்டும்? அந்த 91இல் ஒரு பனை வருவது 75, இரண்டு பனை 15, மூன்று பனை 1. கிடைப்பது 75உம், 30உம், 3உம், மொத்தம் 108 மூடி. இழப்பது 125. கட்டைக்காரருக்கு மிச்சம் 17.

கொப்பிக் கணக்கை நம்பாமல் மூன்று இரவு இருந்து 216 தரம் உருட்டினோம். ஒவ்வொரு தரமும் பனையில் ஒரு மூடி. முடிவில் 23 மூடி குறைந்தது. கணக்கு 17 என்றது; கட்டை சில நாள் கூடக் கொடுக்கும், சில நாள் கூட எடுக்கும். ஆனால் அது சாய்கிற பக்கம் ஒன்றுதான்.

அண்ணை அந்தக் கொப்பியைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டை நேரான கட்டை. உருட்டினது நாங்கள். ஒரு களவும் இல்லை. அப்படியிருந்தும் 17 போகிறது. கட்டைக்காரர் கொடுப்பதாகச் சொன்ன கணக்கிலேயே அந்த 17 இருந்தது. நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அதோடு நிறுத்தவில்லை. இந்த 17ஐ இல்லாமற் செய்யலாமோ என்று பார்த்தோம். இரண்டு பனைக்கு இரண்டுக்குப் பதிலாக மூன்று, மூன்று பனைக்கு மூன்றுக்குப் பதிலாக ஐந்து என்று மாற்றினோம். இப்போது கிடைப்பது 75உம், 45உம், 5உம். மொத்தம் 125. இழப்பதும் 125. சரிக்குச் சரி! அன்றைக்கு நாங்கள் போட்ட சத்தத்துக்குப் பொலிஸ் வராதது ஆச்சரியம்.

இன்றுவரை எங்கள் வீட்டுச் சட்டம் அதுதான்: ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு ஐந்து. விளையாட்டும் நன்றாகவே இருக்கிறது. மூடிகள் மேசையைச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். போன கிழமை ராசாவாக இருந்தவர் இந்தக் கிழமை கடன் மூடி கேட்பார். இப்படி ஒரு கசினோவை யாரும் நடத்த முடியாது. இலாபம் இல்லாமல் யார் அவ்வளவு வெளிச்சம் எரிப்பான்?

அடுத்ததாகச் சில்லு செய்தோம். பழைய சாமான் கடையில் வாங்கிய, மேசையில் சுழலும் மரத்தட்டு. அதன் ஓரத்தில் குழி, உள்ளே ஒரு போளை. கசினோவில் ரூலற் என்பார்கள். ஐரோப்பியச் சில்லில் ஒன்று முதல் 36 வரை இலக்கங்களும் ஒரு சைபரும், மொத்தம் 37 குழி. அமெரிக்கச் சில்லில் இன்னொரு சைபரும் சேர்ந்து 38. உங்கள் இலக்கம் வந்தால் வைத்ததோடு சேர்த்து 36 கையில் தருவார்கள். 37 குழியிலும் ஒவ்வொரு டொலர் வைத்தால் 37 கொடுத்து 36 வாங்குகிறீர்கள். 38 குழியில் இரண்டு போகிறது. நூறு டொலருக்கு முதலாவதில் 2.70, இரண்டாவதில் 5.26.

"நூறுக்கு மூண்டு ஒரு பெரிய காசோ?" என்று கேட்கலாம். நாங்கள் மெசினடியில் நிற்பவர்கள். அதை வைத்தே சொல்லுகிறோம். நூறு மூடிக்கு மூன்று கழிவு போனால் ஒரு பெட்டியில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் மிச்சம் 97ஐயும் உருக்கித் திரும்ப வார்த்து, அதையும் உருக்கித் திரும்ப வார்த்தால்? கழிவுத்தொட்டி நிறையும், பெட்டி வெறுமையாகும். கசினோவில் வென்ற காசைத் திரும்பத் திரும்ப வைப்பது அதுதான். எங்கள் சில்லில் சைபரே இல்லை, 36 குழிதான்.

காசு போடும் மெசினையும் விடவில்லை. கடதாசித் துவாய் சுற்றி வரும் மட்டைக் குழாயில் மூன்று வளையம் வெட்டினோம். ஒவ்வொன்றிலும் பத்துப் படம், அதில் ஒன்று மணி. இதைச் செய்தவர்கள் எங்கள் பிள்ளைகள். மூன்று சில்லு மெசினை 1890களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் முதலில் செய்தவர் சாள்ஸ் ஃபே என்ற மெக்கானிக். ஜேர்மனியின் பவேரியாவில் இருந்து பிழைக்க வந்தவர். எங்களைப்போலக் கையால் வேலை செய்தவர்.

சுற்றும்போது இரண்டு மணி வந்து மூன்றாவது மணி ஒரு படம் தள்ளி நின்றால் பிள்ளைகள், "ஐயோ, மயிரிழையிலை தப்பீட்டுது!" என்று கத்துவார்கள். எண்ணிப் பார்க்கச் சொன்னோம். பத்து தர பத்து தர பத்து, ஆயிரம் விதம். அதில் மூன்று மணி ஒரே ஒரு தரம். இரண்டு மணி மட்டும் வருவது 27 தரம். ஆகவே அந்த "மயிரிழை" அடிக்கடி வரத்தான் செய்யும். அது வந்ததால் அடுத்த முறை மணி கிட்ட வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அண்ணை எத்தனை இரவு அந்த மயிரிழைக்காகவே இருந்திருப்பார்!

எங்கள் மட்டை மெசினில் படத்தை எண்ணலாம். கசினோ மெசினில் எண்ண முடியாது. எந்தப் படத்தில் நிற்பது என்பதைக் கணினி எழுமானமாக எடுக்கும் இலக்கத்தால் தீர்மானிக்கும் முறைக்கு ரெல்நெஸ் என்பவர் 1984இல் காப்புரிமை பெற்றார். அதன்பிறகு கண்ணுக்குத் தெரியும் சில்லு வேறு, உள்ளே நடக்கும் கணக்கு வேறாக இருக்கலாம். இன்னொன்றும் உண்டு. ஒரு டொலர் போட்டு முப்பது சதம் திரும்பி வந்தாலும் மெசின் வென்றதுபோல் பாட்டுப் பாடும். இங்கே ஒன்ராறியோவில் உள்ள வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 2010இல் எழுதியிருக்கிறார்கள்: நட்டப்பட்டவரின் உடம்பும் வென்றவரின் உடம்பைப் போலவே துடிக்கிறதாம்.

"அப்ப போனிலை இருக்கிற இலவச விளையாட்டு நல்லதுதானே? அதிலையும் காசு இல்லையே?" என்று மேல்வீட்டு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. எங்களில் ஒருவரின் மகன், பதினொரு வயது, அப்படி ஒன்று விளையாடினான். முதல்நாளே பத்து இலட்சம் நாணயம் சும்மா கொடுத்தார்கள். தொட்டதெல்லாம் வென்றது. இரண்டு கிழமையில் நாணயம் முடிந்தது, ஆசை முடியவில்லை. "இன்றைக்கு மட்டும் மலிவு" என்று ஒரு பெட்டி வந்தது. தகப்பனின் கடனட்டையில் 86 டொலர். அந்த விளையாட்டில் வென்றால் ஒரு சதமும் கைக்கு வராது. கொடுக்க மட்டும் வழி இருக்கிறது. 2018இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி இப்படிப்பட்ட விளையாட்டு நாணயமும் பெறுமதி உள்ள பொருள்தான் என்று தீர்ப்புச் சொன்னது. கசினோ வாசலில் 19 வயது ஆகிவிட்டதா என்று பார்ப்பார்கள். போனுக்கு வாசற்காவல் இல்லை. 2022 ஏப்ரல் முதல் ஒன்ராறியோவில் தனியார் நிறுவனங்களும் அனுமதி பெற்றுக் காசு வைக்கும் விளையாட்டுகளைப் போனிலேயே நடத்துகின்றன. சும்மா விளையாடுவதும் காசு வைப்பதும் ஒரே போனில், பக்கத்துப் பக்கத்துக் கதவு.

ஆகவே இலவசம் என்று எதையாவது பிள்ளை கொண்டுவந்தால் நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். காசு கட்ட எங்காவது இடம் இருக்கிறதா? விளையாட்டுக்கு ஒரு முடிவு இருக்கிறதா? எத்தனைக்கு எத்தனை என்று எண்ணிப் பார்க்க முடியுமா? எங்கள் மேசையில் காசு கட்ட இடம் இல்லை. பத்து மணிக்கு மூடிகள் பைக்குள் போய்விடும். கணக்கு கொப்பியில் இருக்கிறது. மூடிக்குப் பதிலாக எதையும் கொடுப்பதும் இல்லை. ஒருமுறை தோற்றவர் கோப்பை கழுவ வேண்டும் என்று வைத்துப் பார்த்தோம். அன்றைக்கே வாய்த்தர்க்கம் வந்தது. அதோடு விட்டோம்.

ஒன்றை மறைக்கக்கூடாது. இந்த விளையாட்டு எல்லோருக்கும் நல்லது என்று நாங்கள் சொல்லவில்லை. முதல் மாதங்களில் அண்ணையும் எங்களோடு இருந்தார். ஓர் இரவு அவருக்கு முன்னால் சிவப்பு மூடிகள் குவிந்தன. அவர் கை நடுங்கியது. சடாரென்று எழும்பிப் போய் அடுப்படியில் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். "மூடிதான் எண்டு தெரியும். ஆனால் உடம்புக்குத் தெரியேல்லை" என்றார். அன்றிலிருந்து அவர் வரும் வெள்ளிக்கிழமைகளில் கட்டையும் சில்லும் வெளியே வராது. கடதாசிதான், 304. ஒரு குலத்துக்கு 76 புள்ளியாக நாலு குலத்துக்கும் 304. அதில் அவரை வெல்ல எங்களில் ஆள் இல்லை. சூதில் ஒருமுறை அகப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், காசில்லாத விளையாட்டு என்றாலும் அவருக்கு முன்னால் விரிக்காதீர்கள்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு இன்னும் ஒரு சொல். வீட்டில் யாராவது சம்பளக்காசுக்குக் கணக்குச் சொல்லத் தடுமாறினால், நாங்கள் எட்டு மாதம் பேசாமல் இருந்ததுபோல் இருக்க வேண்டாம். ஏசாமல் கேளுங்கள். ஒன்ராறியோவில் கசினோவுக்குள் தன்னை விடவேண்டாம் என்று அவரே பதிந்து வைக்கலாம். கனெக்ஸ் ஒன்ராறியோ என்ற இலவச உதவித் தொலைபேசி 1-866-531-2600, இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பெயர் கெட்டுப்போகும் என்று அண்ணை பயந்தார். அந்தப் பயம்தான் மூவாயிரத்தைப் பதினோராயிரத்து அறுநூறு ஆக்கியது.

மேல்வீட்டு அக்கா அன்றைக்குச் சேவலில் ஐந்து வெள்ளை மூடி வைத்தார். மூன்று கட்டையிலும் சேவல் இல்லை. "உங்கடை கணக்கு எனக்கு மட்டும் சரிவரேல்லை" என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்த வெள்ளிக்கிழமை கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூத்தவள் கொப்பியை வாங்கி, எங்கள் கணக்கில் பிழை இருக்கிறதா என்று முதலில் இருந்து எண்ணத் தொடங்கினாள்.